"எதெண்டாலும் பரவாயில்லை" என்பவர்

எங்கள் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒருவர் இருப்பார். என்ன சமைப்போம் என்று கேட்டால் "எதெண்டாலும் பரவாயில்லை" என்பார். தகப்பனும் தமையனும் முகம் பார்க்காத வீட்டில் இவர்தான் தூது. "அப்பா காரை எடுக்கட்டாம்", "அண்ணாவுக்குச் சாப்பாடு வேண்டாமாம்." சாமத்தியவீட்டில் கோபித்துக்கொண்டு போன மாமியைத் தொலைபேசியில் சமாதானப்படுத்துவதும் இவரே. சோலி சுரட்டு இல்லாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

எனியாகிராம் என்ற ஆளுமை வகைப்பாடு இத்தகையோரை ஒன்பதாவது வகையில் சேர்த்து, 'சமாதானம் செய்பவர்' என்கிறது. அதற்கு ஆய்வுப் பலம் குறைவு. சாதகக் குறிப்பைப் போல நம்பிவிடத் தேவையில்லை. அதைவிடப் பயன்படக்கூடியது 1974இல் அமெரிக்காவில் கெனத் தோமஸ், றால்ப் கில்மன் இருவரும் வெளியிட்ட வினாக்கொத்து. பிணக்கு வந்தால் மனிதர் ஐந்து விதமாக நடப்பர் என்கிறது அது: மோதுதல், சேர்ந்து தீர்வு தேடுதல், ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தல், விலகிக்கொள்ளுதல், இணங்கிப் போதல். ஐந்துக்கும் அதனதன் இடம் உண்டு. எங்கள் சமாதானக்காரர் தன்னுடைய விஷயம் என்று வரும்போது கடைசி இரண்டை மட்டுமே எடுப்பார். மற்றவர் சண்டையைத் தீர்க்கத் தெரிந்தவருக்குத் தன் விருப்பத்தைச் சொல்ல வாய் வராது.

சிலருக்கு இது பிறவிக் குணம். ஆனால் சோதனைச் சாவடியில் வாய் திறக்காமல் நின்று தப்பிய தலைமுறை நாங்கள். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை "ஒருத்தரோடும் பிரச்சினை வேண்டாம்" என்று வருடக்கணக்கில் வாழ்ந்தோம். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் எங்களுக்காக மொழிபெயர்த்த பிள்ளைகள் கடுமையான சொல்லை மெதுவாக்கிச் சொல்லவும் பழகினார்கள். இரண்டு பக்கமும் நோகாமல் பார்ப்பது சிலருக்கு எட்டு வயதிலேயே வேலையாகிவிட்டது.

'மௌனம் சம்மதம்' என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. எந்தப் படிப்பு, எந்த மாப்பிள்ளை என்பதெல்லாம் இவர் தலையாட்டியதை வைத்தே முடிவாகின்றன. பிறகு ஒருநாள் மனம் உடைந்து நிற்கும்போது, "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்கிறோம். சொல்ல இடம் வைத்தோமா?

நாலு பேர் முன்னால் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் வராது. காரில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது மெல்லக் கேளுங்கள். "இதுவா, அதுவா, இரண்டும் வேண்டாமா?" என்று கேட்டு, பதிலுக்கு ஓரிரு நாள் விடுங்கள். "வாயைத் திறந்து சொல்லு" என்று குரல் உயர்ந்தால் இருக்கிற வாயும் மூடிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முகம் சுழிக்காதீர்கள். அடுத்த முறை சொல்வாரா என்பது அதில்தான் இருக்கிறது. முக்கியமாக, தூது விடுவதை நிறுத்துங்கள். தகப்பனுக்குச் சொல்ல வேண்டியதைத் தமையன் நேரே சொல்லட்டும். முதலில் சத்தம் வரும், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். வீட்டில் அடியோ மிரட்டலோ இருப்பதால் ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அதற்குப் பெயர் பயம். அவரிடம் "துணிந்து பேசு" என்று புத்தி சொல்வது அவரை இன்னும் ஆபத்தில் விடும். குடும்ப வைத்தியரிடம் தனியாகக் கதைக்க வழிசெய்து கொடுங்கள். மொழிபெயர்க்க வீட்டார் எவரையும் அனுப்பாமல், வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள்.