உங்களுக்குத் தெரியுமா? ஆறில்லாத குடாநாட்டின் ஆற்றங்கரைகள்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நாங்கள் நகர்ந்துவிடுகிறோம். கொக்குவிலில் இருந்து மேற்கே ஆனைக்கோட்டைப் பக்கம் சைக்கிளை மிதித்தால் சில கிலோமீற்றரிலேயே காக்கைதீவுக் கடலேரிக் கரை வந்துவிடும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் அராலி. பஸ் ஏறினால் தொண்டைமானாறு. நடப்பதற்கும் வள்ளத்தில் போவதற்கும் எங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. அதில் சிலதைப் பற்றித்தான் இந்தத் துணுக்குகள்.

◆

குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடிய நன்னீர் ஓட்டம் ஒன்றே ஒன்றுதான்: வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்து மழைநீர் கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்வெளிகள் வழியாகத் தென்மேற்கே வடிந்து, அராலியில் யாழ்ப்பாணக் கடலேரியைச் சேர்கிறது. வழியில் உள்ள குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்தால்தான் ஆற்றுக்கு உயிர் வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் ஓடும். பங்குனிக்குப் போய்ப் பார்த்தால் அதே தடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

◆

ஏன் இந்த ஒன்று மட்டும்? எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ மட்டமானது, கல்லோ துளையும் வெடிப்பும் நிறைந்தது. தண்ணீர் ஓடுவதற்கு முன்பே கீழே இறங்கிவிடுகிறது. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்த நிலத்தடி நீரின் வாசல்கள். கிணற்றை நம்பியே ஒரு குடாநாடு வாழ்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

◆

அராலியில் வழுக்கையாறு கடலேரியைச் சேரும் இடத்தில் தடுப்பணை உண்டு. கடல்நீர் வயலுக்குள் ஏறாமலும் மழைநீர் ஓடித் தீர்ந்துவிடாமலும் பார்ப்பது அதன் வேலை. எனக்கு மிகப் பிடித்த நடை இந்தப் பக்கம்தான். மார்கழி கடைசியில் போக வேண்டும். அணையில் நின்றால் மேற்புறத்தில் நன்னீர், ஓரமெல்லாம் புல்லும் நெல்லும். திரும்பி நின்றால் உப்புநீர், சேற்றில் நண்டு வளைகள், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். இரண்டுக்கும் நடுவே சில அடி அகலச் சீமெந்துதான். அந்த அணைக்கதவைக் கவனியாமல் விட்டால் முதலில் கெடுவது சுற்றியுள்ள வயல், அடுத்தது கிணற்று நீர். நன்னீர் மழையோடு வந்து மழையோடு போய்விடும், உப்பு அப்படிப் போவதில்லை.

◆

கந்தரோடையின் சிறிய வட்டத் தூபிகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஆற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டையொட்டி அங்கே அகழ்ந்து பார்த்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு வந்தது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே மக்கள் குடியிருந்த இடம் அது. எங்கள் பக்கத்து ஊரான ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்ததும் கடலேரியை ஒட்டிய நிலத்தில்தான். தண்ணீரை நம்பித்தான் அந்த மக்கள் அங்கே குடியேறினார்கள் என்று நினைக்கிறேன். கந்தரோடையில் இறங்கிச் சண்டிலிப்பாய் வயல்கரை வழியே, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையார் கோயில் வரை நடந்தால் இது விளங்கும்.

◆

காக்கைதீவு. மாலையில் போங்கள். மீன்சந்தையும் கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களும் கண்டல் மரங்களும் ஒரே பார்வைக்குள் வரும். கடலேரி ஆழமில்லாதது. கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகும் இடுப்பளவு நீரில் நின்று வலை பார்க்கிறவர்களைக் காணலாம். வள்ளத்தைத் தண்டு வலிக்காமல், நீண்ட கம்பை நிலத்தில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவதும் அதனால்தான்.

◆

தொண்டைமானாறு உண்மையில் ஆறா? பெயர்தான் ஆறு. அது வடமராட்சிக் கடலேரி வடகடலில் சேரும் வாய். குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்தது என்பது வழிவழியாக வரும் கதை. 1950களில் அங்கே கதவுகள் வைத்த தடுப்பணை எழுந்தது. லண்டனில் இருக்கும் எங்கள் உறவுகள் தேம்ஸ் தடுப்பணையைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அது திறந்துவைக்கப்பட்டது 1984இல். எங்களுடையது அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டு மூத்தது. அங்கே நகரத்துக்குள் கடல்வெள்ளம் புகாமல் தடுப்பது நோக்கம். இங்கே நோக்கம் இன்னும் பெரிது: உவர்நீர்க் கடலேரியையே நன்னீர் ஏரியாக மாற்றுவது.

◆

அந்தக் கனவுக்கு ஒரு பெயர் இருந்தது: யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம். வன்னியில் இரணைமடுவைத் தாண்டி வரும் கனகராயன் ஆற்று வெள்ளம் ஆனையிறவுக் கடலேரியில் விழுந்து வீணே கடலுக்குப் போகிறது. அதைச் சுண்டிக்குளத்தில் மறித்து, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குத் திருப்பி, அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டு வருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவடைத்துக் கடலைத் தடுப்பது. ஆனையிறவில் வள்ளம் ஏறினால் நன்னீரிலேயே தொண்டைமானாறு வரை வந்திருக்கலாம். திட்டம் முழுமை பெறவில்லை. குடாநாட்டின் தண்ணீரைப் பற்றி எழுந்த யோசனைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன்.

◆

வல்லைவெளியில் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் ஓடியவர்களுக்குத்தான் அந்தக் காற்றைத் தெரியும். பருத்தித்துறை வீதி கடலேரியைக் கடக்கும் இடம் அது. இரு பக்கமும் மரமில்லாத வெளி. பயணிகள் முனியப்பரைக் கும்பிட்டுவிட்டுப் பாலம் ஏறுவார்கள். நடப்பதென்றால் விடியற்காலையில், வெயில் ஏறிவிட்டால் ஒதுங்க நிழல் கிடையாது.

◆

இலங்கையின் மிக நீண்ட கால்நடை யாத்திரை ஓர் ஆற்றங்கரையில் தொடங்கி இன்னோர் ஆற்றங்கரையில் முடிகிறது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அடியார்கள் ஆற்றங்கரையான் என்றே அழைப்பார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கோயில். கதிர்காம ஆடிவேல் விழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும் கணக்கில், யாத்திரிகர்கள் இங்கிருந்து வேலோடு புறப்படுகிறார்கள். நடை ஒன்றரை மாதத்துக்கும் மேல் நீளும். முல்லைத்தீவில் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை அம்மன், திருகோணமலை தாண்டினால் மகாவலியின் கிளை ஓடும் வெருகல், மட்டக்களப்பு வாவி, பொத்துவில் கடந்து உகந்தை. அதற்கு அப்பால் காடு. கும்புக்கன் ஆற்றங்கரையில் தங்கல். குளிக்க, சமைக்க, காய்ந்த தொண்டையை நனைக்க அந்த ஆறு. பிறகு யால வனத்துக்குள் நடந்து, கடைசியில் மாணிக்க கங்கையில் இறங்கி முழுகினால் கதிர்காமம். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இந்தப் பாதை தடைப்பட்டுப் பின்னர் உயிர்பெற்றது.

போய்வந்த முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர்களை விட எந்தெந்த இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தது என்பதைத்தான் ஒழுங்காக நினைவு வைத்திருப்பார்கள்.

◆

ஊர்காவற்றுறையில் 'பாதை வருது' என்று ஒருவர் சொன்னால் தெருவைப் பார்க்காதீர்கள், கடலைப் பாருங்கள். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே போய்வரும் தட்டையான மிதவைதான் பாதை. குறுகிய கடல்தான், ஆனால் சுற்றி வந்தால் நீண்ட வழி. பாதையில் நின்றபடியே நடுக்கடலில் உள்ள கடற்கோட்டையைப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. படகில் ஏறப் பயப்படுகிற பிள்ளைகளை முதலில் இந்தப் பாதையில் ஏற்றிப் பழக்குங்கள்.

◆

கிளாலிக் கடலேரியை இன்பப் பயணமாகக் கடந்தவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழியும் பூநகரி வழியும் அடைபட்டிருந்தபோது, குடாநாட்டை விட்டு வெளியே போக இந்த நீர்தான் இருந்தது. இருட்டிய பிறகு, இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னால் பல படகுகளைக் கயிற்றில் தொடுத்து இழுத்துப் போவார்கள். வெளிச்சம் காட்டக் கூடாது. 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடலேரியில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். வேறு பல இரவுகளிலும் உயிர்கள் போயின. பின்னர் 2011 ஜனவரியில் கேரதீவையும் பூநகரிப் பக்கத்தையும் இணைத்துச் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. இன்று பஸ் யன்னலோரத்தில் இருந்து அந்த நீரைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது பெரியவர்களின் கடன்.

நடையும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வந்தபோது, வலிகாமமே எழுந்து செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. கொக்குவிலும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. மழை, இருட்டு, இரு பக்கமும் கடலேரி. பாலத்தைக் கடக்க மணிக்கணக்காகக் காத்து நின்றவர்கள் இன்றும் அந்த வழியால் போகும்போது சற்று நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

◆

பூநாரைகளைப் பார்க்கச் சுண்டிக்குளம் போக வேண்டும். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. வலசைப் பறவைகளுக்கு மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். கிட்டப் போனால் பறந்துவிடும்.

◆

தொண்டைமானாற்றுக்கு அயலூரான வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்குப் பெயர் மாற்றினாலும் கப்பலைச் செலுத்தியவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் எல்லாம் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

◆

கல்லுண்டாய் வெளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நகரத்துக் குப்பை அங்கே மலையாகிக் கிடக்கிறது. காற்று வீசும் நாளில் பிளாஸ்டிக் பைகள் கடலேரி வரை பறந்து வந்து கண்டல் மரங்களில் சிக்குகின்றன. வழுக்கையாற்றின் வாய்க்கு இவ்வளவு அருகில் இது கிடப்பது என்னை வருத்துகிறது. தேம்ஸ் ஓரமாகச் சுமார் 300 கிலோமீற்றர் நடைபாதையை 1996இல் திறந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். கந்தரோடையில் இருந்து அராலி வரை, வெள்ளவாய்க்காலை ஒட்டி, வயலுக்கு இடைஞ்சல் இல்லாத ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தால் போதும்; குப்பையை அங்கிருந்து அகற்றினால் போதும்.

◆

வள்ளத்தில் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். கடலேரியில் இடுப்பளவு நீர்தானே என்று இறங்கிவிடாதீர்கள். ஆழம் குறைவு என்றாலும் சேறு முழங்கால் வரை இழுக்கும், வெட்டிய வாய்க்கால்கள் திடீரென்று ஆழமாகும். கம்பு நட்டுக் கட்டிய வலைகளுக்குக் குறுக்கே போனால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு கெட்டுவிடும். காக்கைதீவிலோ பண்ணையிலோ கரையில் நிற்கும் தொழிலாளியிடம் முன்கூட்டியே பேசி, காற்று எழும்புவதற்கு முன், காலையில் போய் வாருங்கள். உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும் பிள்ளைகளை ஏற்றுங்கள்.