விழுங்க முடியாதவருக்கு உணவு

மறதிநோய் முற்றும்போது விழுங்கும் திறனும் போய்விடுகிறது. கவளம் வாயிலேயே தங்கும், தேத்தண்ணி புரையேறும், உடம்பு மெலியும். மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய் பொருத்தித் திரவ உணவு செலுத்துவது செயற்கை உணவூட்டல். வயிற்றைத் திறக்கும் அறுவைச் சிகிச்சையின்றி எண்டோஸ்கோப் உதவியுடன் வயிற்றுக் குழாய் பொருத்தும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் முதலில் செய்யப்பட்டது.

பெற்றவரைப் பட்டினி போடுகிறோமே என்று தவிக்கும் பிள்ளைகளுக்குக் குழாய் ஆறுதலாகத் தெரிகிறது. ஆனால் முற்றிய மறதிநோயில் அது ஆயுளைக் கூட்டுவதற்கோ படுக்கைப்புண்ணை ஆற்றுவதற்கோ ஆய்வுகளில் நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலேறும் உணவும் நுரையீரலுக்குள் போவதைக் குழாயால் தடுக்க முடியாது. நோயாளி அதைப் பிடுங்கப் பார்ப்பார்; கடைசியில் கையைக் கட்டிவைப்பார்கள். வாழ்நாளெல்லாம் உழைத்த கைக்கு அந்தக் கதி வரக்கூடாது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் குழாயைத் தவிர்த்துக் கவனமாகக் கையால் ஊட்டவே சொல்கிறது.

சாப்பிட மறுப்பதற்கு வாய்ப்புண், பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், தூக்கம் தரும் மருந்து எதுவும் காரணமாகலாம். அதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுத் தாழ, சிறு கரண்டியால் ஊட்டி, முன் வாய் இறங்கியபின் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இலங்கையின் பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் அன்றாட உணவான கோதுமை மா ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் இவர்களுக்கு மிகக் கடினமானவை: ஒன்று தொண்டையில் அடைக்கும், மற்றது புரையேறும். குழைந்த சோற்றில் பருப்பைக் கடைந்தோ கெட்டிக் கஞ்சியாகவோ கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் பொறுமையும் நேரமும் வேண்டும். தோட்டத்தில் நோயாளியின் மகளோ காலையிலேயே கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். இடையில் லய வீட்டுக்குத் திரும்பினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பரா உண்டு. முதியவருக்கு மதியம் ஊட்டிவிடவும் தோட்டத்தில் ஓர் ஆள் தேவை. குழாயைவிட அவசரமான தேவை அதுதான்.

கடும் மனச்சோர்வாலோ உடல் விறைத்து அசைவற்றுப்போகும் மனநோயாலோ உணவை மறுப்பவரின் நிலை வேறு. அந்த நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே தற்காலிகக் குழாய் உயிரைக் காக்கும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறும். அதனால் தயமின் கொடுத்து, இரத்தம் சோதித்து, சிறுகச் சிறுக உணவைக் கூட்டுவார்கள். மனநோய் தணிந்து தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் குழாய் அகற்றப்படும்.