கேட்பதற்குக் கூச்சம் ஏன்?

கீழ்பென்னாத்தூரில் நான் பள்ளிக்கூடத்தில் வாசித்த காலத்தில் கட்டுரை எழுதுவதில் வல்லவன் என்று ஒரு சிறு கியாதி எனக்கு உண்டாகியிருந்தது. அதன் இரகசியம் மிகவும் எளிது. கம்பீரமான சொற்கள் எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு சமயம் பார்த்து அவற்றைக் கட்டுரையில் பதித்துவிடுவேன். பொருள் தெரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை எனக்கு நானே விதித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் எங்கள் தமிழாசிரியர் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, 'துகளறு கல்வி' என்று எழுதியிருக்கிறாயே, துகள் என்றால் என்ன?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "காதுக்கு இனிமையாக இருந்தது, ஐயா" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "துகள் என்றால் தூசி, குற்றம் என்றும் பொருள் உண்டு. தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுகிறாயே, அதுதான் உன் கல்வியில் படிந்திருக்கும் துகள்" என்று சொல்லி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

1815-ஆம் வருஷத்தில் பிறந்த பிள்ளையவர்கள், எண்ணற்ற தல புராணங்களைப் பாடிய பெரும் புலவர். அவர் இளமையில் தண்டியலங்காரத்தைப் பாடம் கேட்க ஆசைப்பட்டார். திரிசிரபுரத்தில் அந்நூலை அறிந்திருந்தவரோ பிச்சை எடுத்து உண்ணும் ஒரு பரதேசி. அவர் இலேசில் சொல்லிக் கொடுக்கிறவரும் அல்லர். பிள்ளையவர்கள் அவர் போகும் வீதிகளிலெல்லாம் பின்தொடர்ந்து சென்றார். அவருக்குப் பிரியமான கஞ்சாவைக்கூட வாங்கிக் கொடுத்து, சிறிது சிறிதாக அந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தால் தண்டியலங்காரம் அவருக்குக் கிடைத்திராது.

அந்த ஆசிரியருக்கு வாய்த்த மாணாக்கர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். மாயூரத்தில் பதினேழு வயதுப் பிள்ளையாக வந்து சேர்ந்து, 1876-இல் குருநாதர் காலமாகும் வரையில் அவருடைய மாணாக்கராக இருந்தவர். ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியும் அவருக்குக் கிட்டியது. எழுத்தாணி பிடித்த கைக்கு அது வேலை. காதுக்கும் கருத்துக்கும் அதுவே பாடம்.

1880-இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வருஷம் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டபோது அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பது அவர் கேள்வி. இல்லை என்பதுதான் ஐயரால் சொல்ல முடிந்த பதில்.

நேயர்களே, அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? வீட்டுக்கு வந்து முதலியாரைப் பற்றி நாலு வார்த்தை குறை சொல்லியிருப்பேன். ஐயரோ சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படிக்க உட்கார்ந்தார். அது ஜைன காவியம். அதிலுள்ள சமயக் கருத்துக்கள் பல அவருக்கு விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த அந்தணர், கல்லூரியில் பிறருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிச் சென்று, ஒரு மாணாக்கனைப்போல் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பின்பு பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. தமிழ்நாடு தன் பழஞ்செல்வத்தை மீண்டும் பெற்றதில், 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் ஒப்புக்கொண்டதற்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊரிலிருந்து செஞ்சி மார்க்கமாகச் சென்றால் மேல்சித்தாமூர் ஜைன மடத்தை அடையலாம். பல முறை அவ்வழியே போயிருந்தும், அங்கே யாரிடமாவது ஏதாவது கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை! ஆசிரியர் அந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் அந்த வெட்கம் உறைத்தது.

இப்போது நான் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் சென்று கல்லூரியில் படிக்கிறேன். பழைய நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. கம்பீரமான சொற்களுக்குப் பதிலாக, பொருள் தெரியாத சொற்களை அதில் எழுதி வருகிறேன். சென்ற வாரம் பழைய புஸ்தகம் ஒன்றில் 'கவலை ஓட்டினான்' என்று கண்டேன். மனக்கவலையை எப்படி ஓட்டுவது என்று திகைத்து, பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு முதிய குடியானவரைக் கேட்டேன்.

"இதுகூடத் தெரியாதா தம்பி?" என்று அவர் சிரித்தார். மாடுகளைச் சரிவில் இறக்கி, சாலால் கிணற்று நீரை இறைக்கும் முறைக்கே கவலை என்று பெயர் என்றார். மாடு எப்படிப் பின்வாங்கும், வடம் எப்படி இழுபடும், மோட்டார் வந்த பிறகு அது எப்படி மறைந்தது என்பதையெல்லாம் இறங்கும் இடம் வரும் வரையில் கை வீசி விளக்கினார்.

பஸ்ஸிலிருந்த சிலர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இம்முறை எனக்குக் கூச்சம் உண்டாகவில்லை. நோட்டை எடுத்து, கவலை என்ற சொல்லுக்கு எதிரே பொருளை எழுதிக்கொண்டேன்.