ஒரு ஸ்டூடியோவை இன்னொரு ஸ்டூடியோ விழுங்கினால் நமக்கென்ன?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை ஓடிடியில் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த அலைச்சல் நினைவிருக்கும். அதைத் தயாரித்த எச்பிஓவின் தொடர்கள் பல ஆண்டுகளாக ஹாட்ஸ்டாரில் இருந்தன. 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு அவை மொத்தமாக அங்கிருந்து கிளம்பிவிட்டன. மே மாதம் ஜியோ சினிமாவில் வந்து இறங்கின. அங்கே ஆண்டுச் சந்தா 999 ரூபாய். ‘சரி, இதையும் கட்டித் தொலைப்போம்’ என்று கட்டியவர்கள் உண்டு. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. ஊரெல்லாம் சுற்றிய தொடர், கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் தொடரில் ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறியதெல்லாம் ஒப்பந்தங்களும் முதலாளிகளும்தான். சினிமாக் கம்பெனிகள் ஒன்றையொன்று ஏன் வாங்குகின்றன, வாங்கிய பிறகு என்ன நடக்கிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு வகை இணைப்பு

நம் சினிமாத் தொழிலில் மூன்று பேர் உண்டு: படம் எடுக்கும் தயாரிப்பாளர், அதை ஊர் ஊராகக் கொண்டுபோகும் விநியோகஸ்தர், திரையிடும் தியேட்டர்காரர். ஒரு தயாரிப்பு நிறுவனம் இன்னொரு தயாரிப்பு நிறுவனத்தை வாங்கினால் அது பக்கவாட்டு இணைப்பு. போட்டியாளரில் ஒருவர் குறைகிறார். தயாரிப்பாளரே தியேட்டரையும் வாங்கிக்கொண்டால் அது மேல்கீழ் இணைப்பு. சரக்கும் கடையும் ஒரே கைக்குப் போகின்றன.

அமெரிக்காவில் பெரிய வழக்கானது இரண்டாவது வகைதான். பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ் போன்ற ஸ்டூடியோக்கள் பெரிய நகரங்களின் நல்ல தியேட்டர்களைக் கையில் வைத்திருந்தன. மற்ற தியேட்டர்காரர்களிடம், ‘இந்த ஹிட் படம் வேண்டுமானால் இந்த நாலு சுமாரான படத்தையும் சேர்த்து எடு’ என்று கட்டுக்கட்டாக விற்றன. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தக் கட்டுப்பாட்டை 2020-இல் நீதிமன்றமே நீக்கியது.

நீக்கியபோது உலகம் மாறியிருந்தது. இன்றைக்கு நம் உள்ளங்கையில் இருக்கும் செயலிதான் தியேட்டர். நெட்ஃபிளிக்ஸ் படம் எடுக்கிறது, அதைத் தன் செயலியிலேயே ஓட்டுகிறது. 1948-இல் பிரிக்கப்பட்ட சரக்கும் கடையும் வேறு வடிவத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டன.

வார்னரின் சாவிக்கொத்து

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள வார்னர் பிரதர்ஸ் ஒன்று போதும். 1923-இல் நான்கு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். 1969-இல் அதை வாங்கியது கின்னி என்ற கம்பெனி. அதன் பழைய தொழில் கார் நிறுத்துமிடங்களும் இறுதிச் சடங்கு நிலையங்களும்! 1990-இல் டைம் பத்திரிகைக் குழுமத்தோடு சேர்ந்து டைம் வார்னர் ஆனது. 2001-இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தோடு கல்யாணம். அது பொருந்தாத கல்யாணம். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர். 2018-இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் சுமார் 8,500 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்துத் தோற்றது. நான்கே ஆண்டில் தொலைபேசிக்காரர்களுக்கு சினிமா அலுத்துவிட்டது. 2022 ஏப்ரலில் டிஸ்கவரியோடு இணைத்துக் கைகழுவினார்கள்.

அதோடும் முடியவில்லை. 2025 டிசம்பர் 5 அன்று வார்னரின் ஸ்டூடியோவையும் எச்பிஓ மேக்ஸ் செயலியையும் வாங்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. பங்குகளுக்கு 7,200 கோடி டாலர். கடனையும் சேர்த்தால் 8,270 கோடி. மூன்றே நாளில் பாரமவுண்ட் 10,840 கோடி டாலர் மதிப்பில் எதிர்விலை வைத்தது. இத்தனைக்கும் பாரமவுண்டையே ஸ்கைடான்ஸ் என்ற நிறுவனம் வாங்கி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு விலைக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? நெட்ஃபிளிக்ஸ் கேட்டது வீட்டின் முன்கட்டை மட்டும். பாரமவுண்ட் கேட்டது சிஎன்என் போன்ற கேபிள் சேனல்களும் சேர்ந்த முழு வீட்டை. கேபிள் சேனல்களைப் பார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதால் அந்தப் பின்கட்டு நெட்ஃபிளிக்ஸுக்கு வேண்டியிருக்கவில்லை. எந்த இணைப்புச் செய்தியைப் படித்தாலும், தொகையைப் பார்த்து மலைப்பதற்கு முன் எதற்கு அந்தத் தொகை என்று பார்க்க வேண்டும்.

ஏன் வாங்குகிறார்கள்?

முதல் காரணம் பரண். நூறு ஆண்டுப் படங்கள், தொடர்கள், கதாபாத்திரங்கள் எல்லாம் ஒரு ஸ்டூடியோவின் பரணில் கிடக்கின்றன. பேட்மேனையும் ஹாரி பாட்டரையும் புதிதாக உருவாக்க முடியாது, வாங்கத்தான் முடியும். டிஸ்னி இதில் கெட்டிக்காரர். 2006-இல் பிக்ஸார், 2009-இல் மார்வெல், 2012-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த லூகாஸ்ஃபிலிம், 2019-இல் 7,130 கோடி டாலருக்கு ஃபாக்ஸின் பெரும்பகுதி என வரிசையாக வாங்கியது. அமேசான் 2022-இல் 845 கோடி டாலர் கொடுத்து எம்ஜிஎம்மை வாங்கியதும் ஜேம்ஸ் பாண்ட் போன்ற பழைய சொத்துகளுக்காகத்தான்.

இரண்டாவது, சந்தாதாரர். ஐபிஎல் முடிந்த மறுநாளே சந்தாவை நிறுத்திவிடும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. ஓடிடிக்காரர்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். கிரிக்கெட், சீரியல், ஹாலிவுட் படம், குழந்தைகளுக்குக் கார்ட்டூன் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் ‘நிறுத்தாதே’ என்பார்.

மூன்றாவது, நஷ்டம். 2022-இல் ஒரே காலாண்டில் டிஸ்னியின் ஓடிடி பிரிவு இழந்தது சுமார் 147 கோடி டாலர். நெட்ஃபிளிக்ஸைப் பார்த்து எல்லோரும் செயலி தொடங்கினார்கள். லாபம் பார்ப்பதற்குள் பலருக்கு மூச்சு வாங்கியது. ‘இருவரும் தனித்தனியாக நஷ்டப்படுவதற்குச் சேர்ந்து செலவைக் குறைக்கலாமே’ என்ற கணக்குதான் பல இணைப்புகளின் அடிவேர்.

செலவு யார் தலையில்?

‘செலவைக் குறைப்பது’ என்பதற்கு அகராதியில் ஒரு பொருள். ஸ்டூடியோவில் வேறு பொருள். இரண்டு கம்பெனிக்கும் இரண்டு விளம்பரப் பிரிவு, இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு விநியோகப் பிரிவு இருந்தால், சேர்ந்த பிறகு ஒன்று போதும். மற்றதில் இருப்பவர்களுக்கு வேலை போகும்.

ஆட்களோடு படங்களும் போகும். டிஸ்கவரியோடு சேர்ந்தபோது புதிய வார்னர் நிறுவனத்தின் தலையில் சுமார் 5,500 கோடி டாலர் கடன். அதே 2022 ஆகஸ்டில் ‘பேட்கேர்ள்’ படத்தை வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 9 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. படப்பிடிப்பு முடிந்து, எடிட்டிங் மேசையில் இருந்த படம். தியேட்டரிலும் வராது, செயலியிலும் வராது. ஏன்? படத்தை நஷ்டக் கணக்கில் எழுதினால் வரி குறையும். மிச்ச வேலைக்கும் விளம்பரத்துக்கும் மேலும் செலவழிப்பதைவிட அது லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள். செய்தி வந்ததும் இயக்குநர்கள் இருவரும் ஒரு பிரதியாவது எடுத்துவைக்கலாம் என்று சர்வரைத் திறக்கப் பார்த்தார்கள். அதற்குள் அங்கே எதுவும் இல்லை. தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே பார்க்க முடியாமல் போனதைப் பின்னால் பேட்டியில் சொன்னார்கள்.

நமக்குக் கொஞ்சம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரித் தெருக்களில் படமான ‘லைஃப் ஆஃப் பை’யைத் தயாரித்தது ஃபாக்ஸ் 2000 என்ற பிரிவு. நாவல்களையும் நடுத்தரச் செலவுப் படங்களையும் எடுப்பதில் பெயர் வாங்கியது. டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியதும் அந்தப் பிரிவை மூட முடிவெடுத்தது. பெரிய சூப்பர் ஹீரோ படத்துக்கு இடம் இருக்கிறது, சின்னப் படத்துக்கும் எங்கோ ஒரு மூலை கிடைக்கிறது. நடுவில் இருப்பதுதான் முதலில் காணாமல் போகிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது?

ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியாவில் தங்கள் ஊடகத் தொழிலைச் சேர்த்தது 2024 நவம்பரில். மதிப்பு 70,352 கோடி ரூபாய். புதிய நிறுவனம் ஜியோஸ்டார். டிஸ்னியின் பங்கு சுமார் 37 விழுக்காடு, பிடி ரிலையன்ஸ் கையில். இதனால் விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஐபிஎல்லில் டிவி உரிமை ஒருவரிடமும் ஓடிடி உரிமை இன்னொருவரிடமும் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டன. இந்தியப் போட்டி ஆணையம் சில நிபந்தனைகளோடுதான் அனுமதி தந்தது. கிரிக்கெட்டுக்கான டிவி விளம்பர நேரத்தையும் ஓடிடி விளம்பர நேரத்தையும் சேர்த்துக் கட்டி விற்பதில்லை என்பது நிறுவனங்கள் கொடுத்த உறுதிகளில் ஒன்று. 1948-க்கு முன் அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் பட்ட அதே தொல்லைதான், வேறு சரக்கில்.

எல்லா இணைப்பும் கைகூடுவதில்லை. சோனியும் ஜீயும் இரண்டு ஆண்டுக்கு மேல் பேசி, 2024 ஜனவரியில் முறித்துக்கொண்டன.

தமிழ்ப் படத் தயாரிப்பாளருக்கு இது வெறும் கம்பெனிச் செய்தி இல்லை. கொரோனா காலத்தில் ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’, ‘ஜகமே தந்திரம்’ என்று படங்கள் நேராக ஓடிடிக்குப் போயின. சந்தாதாரரைப் பிடிக்க எல்லோரும் போட்டி போட்ட காலம் அது. அதன் பிறகு பல படங்களின் பட்ஜெட்டே டிஜிட்டல் உரிமை, சாட்டிலைட் உரிமை என்ற இரண்டு தூண்களின்மேல் போடப்பட்டது. பேரம் பேச ஐந்து பேர் இருந்தால் விலையைத் தயாரிப்பாளர் சொல்வார். இரண்டு பேர் இருந்தால் விலையையும் அவர்களே சொல்வார்கள், ரிலீஸ் தேதியையும் அவர்களே சொல்வார்கள். சந்தையில் தக்காளி விற்கும் விவசாயிக்குத் தெரிந்த பாடம்தான் இது. விற்பவர் ஒருவரே என்றால் பார்வையாளருக்கு ஆபத்து. வாங்குபவர் ஒருவரே என்றால் படைப்பாளிக்கு ஆபத்து.

நல்லதே இல்லையா?

இருக்கிறது. நாலு செயலிக்குக் கட்டிய வீட்டில் மூன்றுக்குக் கட்டினால் போதும் என்பது லாபம்தான். தனியாக நின்றால் மூழ்கிவிடும் ஒரு பழைய ஸ்டூடியோ, பணக்காரக் கையில் போய்ப் பிழைக்கவும் கூடும். ஆனால் சந்தா விலையைப் பிடித்துவைத்திருப்பது நிறுவனத்தின் நல்ல மனசு அல்ல, ‘அடுத்த செயலிக்குப் போய்விடுவான்’ என்ற பயம். அந்த அடுத்த செயலியையே வாங்கிவிட்டால் பயம் போய்விடும்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். வாங்குவது பரணையா, சந்தாதாரரையா? பணம் சொந்தப் பணமா, கடனா? கடன் என்றால் ஆட்குறைப்பும் படக்குறைப்பும் பின்னாலேயே வரும். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு இயக்குநர் கதையோடு போய்த் தட்ட எத்தனை கதவு மிச்சம்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்பதற்கு ‘நிமோனா’ சாட்சி. ‘ஐஸ் ஏஜ்’ படங்களை எடுத்த புளூ ஸ்கை ஸ்டூடியோவில் உருவாகிக்கொண்டிருந்த அனிமேஷன் படம் அது. ஃபாக்ஸோடு சேர்ந்து டிஸ்னியிடம் போன புளூ ஸ்கை 2021 ஏப்ரலில் மூடப்பட்டது. சுமார் 450 பேருக்கு வேலை போனது. ‘நிமோனா’ பாதியில் நின்றது. பிறகு அன்னபூர்ணா என்ற தயாரிப்பு நிறுவனம் அதைத் தூக்கி எடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூனில் வெளியிட்டது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. டிஸ்னி சாத்திய பிறகு தட்டுவதற்கு வெளியே இன்னொரு கதவு இருந்தது. ‘பேட்கேர்ள்’ இயக்குநர்களுக்கு அது இல்லை; அவர்கள் படம் இன்றும் வெளிச்சத்துக்கு வரவில்லை.