மீண்டு வந்த பாடல்கள் – 9: செப்பேட்டில் இருந்த சொல், புதிதாய் வந்த மெட்டு

திருப்பதியில் இன்று விடியற்காலையில் ஒலிக்கும் பாடல்களில் பல தாளப்பாக்கம் அன்னமய்யாவின் சங்கீர்த்தனங்கள்தாம். சித்தூர், புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி வழியாக மலைக்குப் போகும் பேருந்துகளிலும் அவைதான் கேட்கும். இதைப் பார்த்தால், ஐந்நூறு ஆண்டுகளாக இடைவிடாமல் பாடப்பட்டு வந்தவை என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இவற்றுள் மிகச் சிலவே பாடகர்களின் நாவில் இருந்தன. மற்றவை திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறிய கல் அறையில், செப்பேடுகளில் எழுத்தாக மட்டும் இருந்தன.

அன்னமய்யாவின் ஊர் தாளப்பாக்கம், கடப்பைச் சீமையில் ராஜம்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. அவருடைய காலத்தைச் சொல்வதும் செப்பேடுதான். பதினாறாம் வயதில், சக ஆண்டு 1346 குரோதி வருஷத்தில் (கி.பி. 1424) பாடத் தொடங்கினார் என்றும், சக ஆண்டு 1424 துந்துபி வருஷம் பங்குனித் தேய்பிறைத் துவாதசி வரை (1503 பிப்ரவரி 23) பாடினார் என்றும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கின்படி அவர் பிறந்தது 1408. ஏறக்குறைய எண்பது ஆண்டுப் பாட்டு வாழ்க்கை அது. அவர் பாடியவை 32,000 என்பது மரபு. இன்று கையில் இருப்பவை 12,000-க்குச் சற்று மேல்.

அவற்றைச் செம்பில் ஏற்றும் பணியை முன்னின்று நடத்தியவர் மகன் பெத்த திருமலாச்சாரியார். விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அவர் கோயிலுக்குச் செய்த கொடைகள் பதிவாகியிருக்கின்றன. பேரன் சின்ன திருமலாச்சாரியாரும் பாடல்கள் இயற்றினார். சங்கீர்த்தனத்தின் இலக்கணம் பற்றி அன்னமய்யா வடமொழியில் செய்த நூலைத் தெலுங்கில் தந்தவரும் அவர்தான். மற்றொரு பேரன் சின்னண்ணா, தாத்தாவின் வாழ்க்கையைத் துவிபதைச் செய்யுளில் எழுதினார். மூன்று தலைமுறையின் உழைப்பு ஏறத்தாழ 2,500 ஏடுகளாகச் சேர்ந்தது. அவற்றை வைக்கக் கோயிலின் உள்பிராகாரத்தில், உண்டியலுக்கு எதிரே, ஒரு சிறிய அறை அமைந்தது. சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். அதன் இரு பக்கமும் நிற்கும் சிற்பங்கள் தந்தையும் மகனும் என்று அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

ஓர் ஏட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதையின் முடிச்சு புரியும். பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர் இருக்கும்: முகாரி, சாமந்தம், பௌளி, ஸ்ரீராகம் என்று. அதன் கீழே பல்லவி, பிறகு சரணங்கள், பெரும்பாலும் மூன்று. கடைசிச் சரணத்தில் வேங்கடவனின் பெயர் முத்திரையாக வந்துவிடும். ஆன்மிகப் பாடல்கள் ஒரு வரிசை, சிருங்காரப் பாடல்கள் ஒரு வரிசை. அவ்வளவுதான். சுரம் கிடையாது. எந்த இடத்தில் ஏறுவது, எங்கே நிரவுவது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. பாடுகிறவர்கள் பக்கத்திலேயே இருந்ததால் அதை எழுத வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. செம்பு சொல்லைக் காத்தது. மெட்டு மனிதரின் தொண்டையை நம்பி இருந்தது.

அந்தத் தொண்டைகள் ஓய்ந்ததற்குக் காரணத்தைத் திருமலையின் அரசியலில் தேட வேண்டும். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரம் சரிந்தது. கோயிலுக்கு வந்துகொண்டிருந்த பெருங்கொடைகள் குறைந்தன. பிறகு கோல்கொண்டா, ஆர்க்காட்டு நவாப், 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி என்று அதிகாரம் கைமாறியது. 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் கோயிலை நிர்வகித்தார்கள். இதே காலம் முழுவதும் ஆழ்வார் பாசுரங்கள் அதே மலையில் நிற்காமல் ஓதப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் இன்றும் அங்கே சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான். பாசுரங்களுக்கு ஜீயர் மடமும் ஓதுகிற கோஷ்டியும் இருந்தன. ஒரு குடும்பம் நொடித்தாலும் அடுத்தவர் தொடர முடிந்தது. அன்னமய்யாவின் பாட்டு ஒரே வீட்டின் சொத்தாக இருந்தது. அந்த வீட்டின் செல்வாக்கு தேய்ந்தபோது பாட்டும் தேய்ந்தது. அதிகாலையிலும் இரவு ஏகாந்த சேவையிலும் பாடும் உரிமை தாளப்பாக்கம் வழியினரிடம் தொடர்ந்து இருந்தது உண்மை. ஆனால் பல்லாயிரம் பாடல்களைச் சுமக்க அந்த ஓர் உரிமை போதவில்லை.

முழுதும் மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. அவர் பெயரில் வழங்கும் தாலாட்டு ஒன்று தெலுங்கு வீடுகளில் தாய்மார்களின் வாய்வழியாகவே பிழைத்திருந்தது. தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் தொடக்கத்தில் பாடும் தோடய மங்களத்திலும் தாளப்பாக்கத்தாரின் பாடல்கள் இருக்கின்றன. யார் பாட்டு என்று கேட்காமலே கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் தலைமுறைகளாக அதைப் பாடி வந்திருக்கிறார்கள்.

செப்பேடுகள் இருக்கும் சேதி வெளியே கசிந்தது ஓர் இலக்கண நூலின் வழியாக. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த ஏ. டி. காம்பெல் 1816இல் ஒரு தெலுங்கு இலக்கண நூலை வெளியிட்டார். திருப்பதியில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் இருப்பதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆள் அனுப்பிப் பார்த்தார். ஓர் இலக்கண நூலைத் தவிர, இறைவன் மீதான துதிப்பாடல்களே இருந்தன என்று தெரிந்ததும் அவருடைய ஆர்வம் அதோடு நின்றது. அதற்குப் பிறகும் நூறு ஆண்டு அந்த அறை அப்படியே இருந்தது.

1922 வாக்கில்தான் ஏடுகள் முறையாக வெளியே வந்தன. தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி திருமலைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தவர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். சங்கீர்த்தன ஏடுகளின் அருமையை உலகுக்குச் சொன்னவர்களில் முதல்வர் அவர். அப்போது இந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை திருப்பதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஊர். 1933இல் மகந்துகளின் நிர்வாகம் முடிந்து திருமலை திருப்பதி தேவஸ்தானம் பொறுப்பேற்றதும், அச்சுப் பணிக்குப் பணமும் பண்டிதர்களும் கிடைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே பாடல் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி திருப்பதிக்கு வந்து பதிப்பு வேலையில் இறங்கினார். சின்னண்ணா எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தேடி எடுத்து 1949இல் பதிப்பித்தவர் அவர்தான். அதற்கு மறுவருடம் மறைந்தார்.

நூல் வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. தமிழருக்கு இந்த நிலை புதியதன்று. தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்டபோது, பண் தெரியாமல் நின்றார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண் வகுத்தார்களாம். ஐரோப்பாவில் பாக் எழுதிய மத்தேயு பாடுகளை 1829இல் பெர்லினில் மெண்டல்சன் மீண்டும் அரங்கேற்றியபோது இந்தச் சிக்கல் இல்லை. நூறாண்டுப் பழைய தாளில் ஒவ்வொரு சுரமும் எழுதியிருந்தது. திருப்பதியில் எழுதிய சுரமும் இல்லை, யாழ்ப்பாணர் வழிப் பெண்ணும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979). மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்குப் பேராசிரியராக இருந்தவர், சங்கீதமும் அறிந்தவர். இலக்கியமும் இசையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது இந்த வரலாற்றின் பெரிய நல்வாய்ப்பு. 1950-ஐ ஒட்டித் திருப்பதிக்கு வந்து, ஏட்டுப் பாடங்களைச் சரிபார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்துச் சுரப்படுத்தி வெளியிட்டார். ஏட்டில் இருந்த ராகங்களிலேயே பெரிய இடர் இருந்தது. ஆபலி, கொண்டமலகரி போன்றவை கச்சேரி வழக்கில் இல்லாதவை. பெயர் மாறாத ராகங்களும் 15ஆம் நூற்றாண்டில் எப்படிப் பாடப்பட்டன என்பதற்குச் சான்று குறைவு. ஆகவே தம் காலத்தில் வழங்கும் கர்நாடக இசையின் ராகங்களில் அவர் மெட்டமைத்தார். 1974இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

அடுத்தவர் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி (1927–2014). திருப்பதியில் 1959இல் தொடங்கிய ஸ்ரீவேங்கடேஸ்வரா இசை, நடனக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வாழ்வே ஒரு நாடகம் என்று பொருள்படும் புகழ்பெற்ற பாடலை ரேவதி ராகத்தில் அமைத்தவர் அவர். அந்தப் பாடலை இன்று வேறு ராகத்தில் பாடினால் கேட்பவர்கள் ஏற்கமாட்டார்கள். அவ்வளவு ஆழமாக மெட்டு சொல்லோடு ஒட்டிவிட்டது.

இந்த வேலையைப் பெரிதாக்கியது 1978இல் தேவஸ்தானம் தொடங்கிய அன்னமாச்சார்யா திட்டம். அப்போதைய நிர்வாக அதிகாரி பி. வி. ஆர். கே. பிரசாத் இதில் மிகுந்த அக்கறை காட்டினார். பாடகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மெட்டமைக்கவும் ஊர் ஊராகப் பாடவும் பதிவு செய்யவும் வழி செய்யப்பட்டது. சித்தூர் மாவட்டம் வாயல்பாட்டில் பிறந்த ஷோபா ராஜுவும் கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாதும் இந்த வழியில் வந்தவர்கள். பாலகிருஷ்ண பிரசாத் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்தார். 2025 மார்ச் 9 அன்று அவர் திருப்பதியில் காலமானார். ஆந்திர வீடுகளில் பலர் தலைமுறைப் பாட்டு என்று நம்பும் மெட்டுகள், இப்படி அண்மைக் காலம் வரை நம்மோடு வாழ்ந்த ஒருவரின் படைப்பு.

தமிழ்க் காதுகளுக்கு அன்னமய்யாவைக் கொண்டுவந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. அதற்கு முன்பே அவர் குரல் திருமலையோடு சேர்ந்துவிட்டது. காஞ்சிபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணா 15ஆம் நூற்றாண்டில் இயற்றிய வேங்கடேச சுப்ரபாதத்தை 1963இல் எச்.எம்.வி. இசைத்தட்டில் பாடினார். சுப்ரபாதம், தோத்திரம், பிரபத்தி, மங்களம் நான்கும் சேர்த்து எழுபது சுலோகங்கள். கோயிலுக்குள் ஒலித்ததை அந்தத் தட்டு தெற்கு முழுவதும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. பிறகு 1980-ஐ ஒட்டி பாலாஜி பஞ்சரத்னமாலா என்ற பெயரில் ஐந்து இசைத்தட்டுகள் வந்தன. அறுபது வயதைக் கடந்த நிலையில், நேதுனூரியின் மெட்டுகளை அவர் மாணவிபோல் உட்கார்ந்து பாடம் செய்தார். அந்தத் தட்டுகளுக்குப் பிறகுதான் சென்னைக் கச்சேரிகளில் அன்னமய்யாவின் பாடல் துக்கடாப் பகுதியில் நிலையான இடம் பிடித்தது. திருப்பதியில் பூர்ணகும்ப வட்டத்தில் 2006இல் சுப்புலட்சுமிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

கச்சேரிக்குப் போகாதவரிடம் பாட்டைச் சேர்த்தது சினிமா. 1997இல் கே. ராகவேந்திர ராவ் இயக்கத்தில் நாகார்ஜுனா நடித்த ‘அன்னமய்யா’ வெளிவந்தது. எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடினார். இசையமைத்த கீரவாணிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்துக்கெனப் புதிதாக எழுதிய பாடல்களும் அதில் உண்டு. எழுதியவர்களுள் ஒருவர் வேட்டூரி சுந்தரராம மூர்த்தி. ஏடுகளைப் பதிப்பித்த பிரபாகர சாஸ்திரியின் குடும்பத்தவர். படத்தின் கதையில் வரலாற்றைவிடக் கற்பனையே அதிகம். ஆனாலும் கிராமத்துத் தேர்த்திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் அன்னமய்யா பாட்டைப் போடும் நிலை வந்தது இந்தப் படத்தால்தான். அந்த அளவுக்கு எந்தப் பதிப்பும் எந்தக் கச்சேரியும் செய்யவில்லை.

இந்த வெற்றியின் மீது இசையறிஞர்களிடையே ஒரு வாதம் நெடுநாளாக உண்டு. ஏட்டில் ஒரு ராகம் எழுதியிருக்க, வேறொரு ராகத்தில் மெட்டமைப்பது முறையா என்பது கேள்வி. ஏட்டு ராகத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. அது பாடியவரின் குடும்பமே விட்டுச்சென்ற ஒரே இசைக் குறிப்பு. மறுபக்கம், இந்தப் புதிய மெட்டுகள் இல்லாவிட்டால் இன்று அன்னமய்யாவைப் பற்றித் தெலுங்குத் துறைகளில் மட்டுமே பேச்சிருக்கும். மெட்டமைத்தவர் பெயரைப் பாடலுடன் சேர்த்துச் சொல்லும் பழக்கம் பரவினால் இந்த வாதத்தின் சூடு பாதி தணியும். பல ஒலிப்பதிவுகளில் அந்தப் பெயர் இன்னமும் விட்டுப்போகிறது. பாடலை உயிர்ப்பித்தவருக்கு இது பெரிய அநீதி.

இன்று பங்குனித் தேய்பிறைத் துவாதசிதோறும் அன்னமய்யாவின் நினைவு நாள் கொண்டாடப்படுகிறது. திருவையாற்றில் தியாகராஜரின் பஞ்சரத்தினங்களைக் கூடிப் பாடுவதுபோல், இங்கே சப்தகிரி சங்கீர்த்தனங்கள் என்று ஏழு பாடல்களைத் தேர்ந்து கோஷ்டியாகப் பாடுகிறார்கள். தாளப்பாக்கத்தில் 108 அடிச் சிலை நிற்கிறது. 2008இல் தொடங்கிய தேவஸ்தானத்தின் தொலைக்காட்சி நாள்தோறும் பாடல்களை ஒளிபரப்புகிறது. மெட்டு பெற்றவை சில ஆயிரம். மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்பவை சில நூறு. எஞ்சியவை அச்சுத் தொகுதிகளில் ராகப் பெயரோடு இருக்கின்றன. அவற்றுக்கு மெட்டமைக்கும் பணி திருப்பதியில் தொடர்கிறது.