மாட்டாஸ்பத்திரிக்கு நாய் வரும் நேரம்

மணலூர்பேட்டைக்கு மேற்கே, செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், அவனோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டுமென்று நினைத்த ஜனங்கள் வாழ்ந்த பிரதேசம் இது.

இவ்வட்டாரத்தில் நாயின் உத்தியோகம் இன்றும் அதிகமாக மாறிவிடவில்லை. தென்பெண்ணைக் கரையின் கரும்புத் தோட்டங்களிலும், மல்லாட்டைக் கொல்லைகளிலும், ஆட்டுப்பட்டியின் ஓரத்திலும் இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பது அதுதான். ஆயினும் காலை வேளையில் மாட்டாஸ்பத்திரி வாசலில் சற்று நின்று பார்த்தால், சினை ஊசிக்கு வந்த கறவை மாடும், கழிச்சல் கண்ட வெள்ளாடும், பூச்சி மருந்து வாங்க வந்த செம்மறிக்காரரும் வரிசையில் இருப்பார்களேயன்றி, நாயைக் காண்பது அபூர்வம். அப்படியே வந்தாலும், மூன்று நாள் தீனி எடுக்காமல் சுருண்டு கிடந்து, கைவைத்தியமெல்லாம் பார்த்தான பிறகு, சைக்கிளின் பின்னால் சாக்கில் கிடத்தப்பட்டு வந்து சேரும். பாலுக்கு விலை உண்டு, ஆட்டுக்குச் சந்தை உண்டு. குரைப்பதற்கு மட்டும் யாரும் கணக்கு வைப்பதில்லை. நாய்க்குச் செய்யக்கூடிய வைத்தியத்தில் பெரும்பகுதி வியாதி வருவதற்கு முன்பே செய்யவேண்டியதாக இருக்க, நம்மவர்கள் அதனை வியாதி முற்றிய பிறகே மருத்துவரிடம் காட்டுகிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

மருத்துவ வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. 1903இல் சென்னையில் தொடங்கி வேப்பேரியில் வளர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. 1989இல் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உண்டாயிற்று. வேப்பேரி தொலைவு என்பவர்க்கு, சின்னசேலத்தைத் தாண்டியதும் வரும் தலைவாசலில் இப்போது ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியும் கிடைக்கும்.

முதலில் குட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஊர்களில் நாய்கள் பெரும்பாலும் குட்டியிலேயே மடிகின்றன. பார்வோ என்னும் நச்சுயிரால் வரும் ரத்தக் கழிச்சல், 1978 வாக்கில் உலகெங்கும் திடீரெனத் தலைகாட்டிய புது வியாதி. காலையில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி மாலையில் வாந்தியெடுக்கும். மறுநாள் துர்நாற்றத்தோடு ரத்தமாகக் கழியும். உடம்பிலுள்ள நீர் வற்றிச் சில தினங்களில் உயிர் போய்விடும். இந்த நச்சுயிரைக் கொல்லும் மருந்தென்று கைவசம் உறுதியாக ஒன்றுமில்லை. குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றி, குட்டியின் சொந்த சக்தி வென்று மீளும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. தடுப்பூசியோ மிகச் சுலபம். ஆனால் “ஒரு ஊசி போட்டாயிற்றே, அப்படியும் செத்துப்போச்சே” என்று குறைப்படுவோர் பலர். அதற்குக் காரணம் உண்டு. தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியைக் காப்பதோடு, நாம் போடும் ஊசி மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறையாகப் பதினாறு வார வயது வரை ஊசி போடவேண்டும் என்கிறார்கள். பார்வோ கண்டு குட்டி இறந்த இடத்து மண்ணில் அந்நச்சுயிர் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அந்த இடத்திலேயே மறுமாதம் புதுக் குட்டியைக் கொண்டுவந்து கட்டுவது பெரும் தவறு.

வெறிநோயைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. அதன் பயங்கரம் எல்லாருக்கும் தெரியும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்ட பிறகும், வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற கிலி நெடுங்காலம் ஜனங்களை ஆட்டிவைத்தது. அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து, இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. மனிதர்க்கு வரும் வெறிநோய் ஏறத்தாழ முழுவதும் நாய்க்கடியாலேயே வருவது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. மூன்று மாத வயதில் நாய்க்கு ஓர் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் போட்டால் போதும், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்துக் காவல் கிடைத்துவிடும். கடிபட்டால் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அது கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இனி உண்ணிக்கு வருவோம். இதனை மக்கள் அழுக்கின் அடையாளமாக மட்டும் கருதுகிறார்களேயன்றி, வியாதியைச் சுமந்துவரும் வாகனமாகக் கருதுவதில்லை. நாயுண்ணி தன் வாழ்நாளில் மூன்று பருவங்களில் மூன்று முறை நாயின்மீதேறி ரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கொட்டகையின் கீற்று இடுக்கிலும் ஏறி ஒளிந்துகொள்கிறது; பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை அங்கேதான் இடுகிறது; இரை கிடைக்காவிடினும் மாதக்கணக்கில் காத்திருக்கும் சக்தியும் அதற்கு உண்டு. ஆகவே நாயின் உடம்பிலிருக்கும் உண்ணியை மட்டும் பொறுக்கியெடுத்துவிட்டு, கொட்டகையைக் கவனியாமல் விடுகிறவர் பாதி வேலையைக்கூடச் செய்தவராகார். இந்த உண்ணி கொண்டுவரும் எர்லிச்சியா என்னும் கிருமி வெள்ளணுக்களில் குடிபுகுந்து, ரத்தத்தை உறையச்செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வடிதல் ஆகியன அதன் குறிகள். பபேசியா என்பது சிவப்பணுக்களையே உடைப்பது. அது கண்ட நாயின் சிறுநீர் காப்பி நிறமாகப் போவதுண்டு. எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுப்பது வழக்கம். ஐந்தாம் நாளே நாய் எழுந்து சோறு தின்னத் தொடங்கிவிடுவதால் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வியாதி உள்ளே பதுங்கியிருந்து மீண்டும் வருகிறது.

உண்ணியைக் கொல்ல வேண்டுமென்று பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின்மேல் தெளிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசவேண்டியிருக்கிறது. நாய் உடம்பை நக்கும். மருந்து உள்ளே போகும். வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, சில மணி நேரத்தில் இறந்துவிடும். மண்ணெண்ணெயும் தோலை வேகவைப்பதே. நாய்க்கென்றே செய்த சொட்டு மருந்தும் மாத்திரையும் கிடைக்கின்றன; நாயை நிறுத்து எடைக்கேற்ப அவற்றை வாங்கிக் கொடுக்கலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருநீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையூர்கள் தத்தளித்தபோது, எலிக்காய்ச்சலைப் பற்றிச் சுகாதாரத் துறையினர் எச்சரிப்பது போலவே நாய் வளர்ப்போரும் யோசித்திருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் நடந்தாலும், அதைக் குடித்தாலும் நாய்க்கும் அது வரும். மஞ்சட்காமாலையும் சிறுநீரகச் சேதமும் விளையும். நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்குரிய பகுதியும் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. கரும்புக் கொல்லையில் எலி பிடிக்கும் நாய்க்கு வெள்ளம் வந்தால்தான் ஆபத்து என்றில்லை.

உணவைப் பொறுத்தவரை, சோறும் களியும் நாய்க்கு ஆகாது என்று நகரத்துக் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் மாவுப் பண்டத்தைச் செரிக்கும் ஆற்றலை நாய் அடைந்துவிட்டதென்பது 2013இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியின் முடிவு. ஆயினும் வெறும் சோறு போதாது. முட்டையோ, மீனோ, இறைச்சியோ சிறிதேனும் சேரவேண்டும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைப்பவை என்பதால் சாம்பார்ச் சோறு வேண்டாம். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, கறிச்சோறு போட்டுக் கொழுக்கவைத்த நாயைக் காட்டிலும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படும் நாயே திடமானது. காலை எட்டு மணிக்கு முன்னும், தார்ச்சாலை ஆறிய பிறகு மாலையிலும் அதனை நடக்கவோ ஓடவோ விடவேண்டும். நாய் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்குள்ள பக் போன்ற சாதிகளும், அடர்மயிர் கொண்ட ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாய்களும் நம் சித்திரை வெயிலில் படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை இத்தகைய சாதிகள் சிலவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யலாகாது என்று விலக்கியது நியாயமே.

இறுதியாக ஒரு வியாதி. வெளியே சுதந்திரமாகத் திரியும் நாய்களுக்கே உரியது, வெட்கத்தால் மறைக்கப்படுவது. இணைசேரும்போது ஒரு நாயின் புற்று அணுக்களே மற்றொன்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளரும் தொற்றுப் புற்று அது. பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டுவது கண்டு, ஆயுள் முடிந்ததென்று நாயைக் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் மிக நன்றாகக் குணமாகும் புற்றுகளில் இதுவும் ஒன்று. இதற்குரிய வின்கிறிஸ்டின் என்னும் மருந்து, நம் வேலியோரத்திலும் சுடுகாட்டு வழியிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது; அதற்காகச் செடியை அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம், அது நஞ்சு. வாரத்துக்கொரு முறை, நரம்பில் மட்டுமே, தேர்ந்த கையால் ஏற்றவேண்டிய மருந்து இது. வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். கருத்தடை செய்த நாய் இணைதேடி அலைவது குறைவதால் இவ்வியாதி அணுகும் வாய்ப்பும் குறைகிறது. பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டும் அபாயமும் நீங்குகிறது. புற்றுக்கான சிகிச்சையில் இரண்டு மூன்று ஊசியிலேயே கட்டி சுருங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடுமாதலால் வீட்டுக்காரர் அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவது சகஜம். மருத்துவர் போதுமென்று சொல்லும்வரை நாயை அழைத்துவர வேண்டும்.