சிவக்காத ரத்தம்

மீன் ஆய்ந்தால் கை சிவக்கும். அண்டார்க்டிக் கடலில் பிடிபடும் பனிமீனை ஆய்ந்தால் சிவக்காது. அதன் ரத்தம் இளநீர் போல நிறமற்றது. செவுளும் வெளுத்தே இருக்கும்.

தெற்கு ஜார்ஜியா தீவில் திமிங்கலம் பிடித்துவந்த நார்வேக்காரர்கள் ‘ரத்தமில்லாத மீன்’ என்று இதைப் பற்றிப் பேசிக்கொள்வதுண்டு. நார்வே விஞ்ஞானி யோஹான் ரூட் அந்தத் தீவுக்கே போய்ச் சோதித்து, 1954இல் விடையை வெளியிட்டார். ரத்தம் இருக்கிறது, அதில் ஹீமோகுளோபின்தான் இல்லை. வளர்ந்த பிறகும் ஹீமோகுளோபின் இல்லாமல் வாழும் முதுகெலும்பிகள் உலகில் இந்த ஒரே குடும்பம்தான்.

ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபினின் வேலை. அது இல்லாமல் எப்படிப் பிழைப்பது? நீர் குளிரக் குளிர, அதில் ஆக்சிஜன் அதிகம் கரையும். அப்படிக் கரைந்து வருவதையே பனிமீனின் ரத்தம் உடலெங்கும் கொண்டுசெல்கிறது. ஆனாலும் சிவப்பு ரத்தமுள்ள அதன் உறவு மீன்கள் சுமப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அதனால் சுமக்க முடியாது. அந்தக் குறையை இதயம் ஈடுகட்டுகிறது. பெரிய இதயம், அகன்ற ரத்தக் குழாய்கள், உடல் அளவுக்கு மிஞ்சிய ரத்தம் என எல்லாமே தாராளம். செதில் இல்லாத தோலும் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சித் தருகிறது. இத்தனை ரத்தத்தை ஓயாமல் இறைக்க, உடலின் சக்தியில் பெரும் பங்கு செலவாகிவிடுகிறது. ஆகவே ஹீமோகுளோபினை இழந்ததால் இந்த மீனுக்கு லாபம் என்று சொல்வது கடினம். ஏதோ ஒரு தலைமுறையில் ஹீமோகுளோபினுக்கான மரபணு சிதைந்தது. கடலின் குளிர் மீனைச் சாகவிடாமல் காப்பாற்றியது.

அந்தக் குளிரைத் தாங்குவதற்கும் ஒரு வழி வேண்டும். உப்புக் கரைந்திருப்பதால் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. சாதாரண மீனின் ரத்தமோ மைனஸ் 1 டிகிரியை எட்டும் முன்பே உறையத் தொடங்கிவிடும். பனிமீனின் ரத்தத்தில் உறைதடுப்புப் புரதம் ஒன்று இருக்கிறது. உடலுக்குள் நுழையும் நுண்ணிய பனித்துகளில் இது ஒட்டிக்கொண்டு, மேலும் வளராமல் தடுக்கிறது. செரிமான நொதி ஒன்றுக்கான பழைய மரபணுவிலிருந்து இந்தப் புரதத்தின் மரபணு உருவானது என்று 1997இல் கண்டறிந்தார்கள்.

குறையுடன் வாழ்ந்தாலும் இனம் அருகிவிடவில்லை. 2021இல் ஜெர்மன் ஆய்வுக் கப்பல் ‘போலார்ஸ்டெர்ன்’ வெட்டெல் கடலின் அடியில் கேமராவை இழுத்துச் சென்றபோது, பனிமீன்களின் கூடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சுமார் 240 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 கோடி கூடுகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். முக்கால் மீட்டர் அகலமுள்ள வட்டக் குழிகள் அவை. பலவற்றில் ஒரு மீன் முட்டைகளுக்குக் காவல் இருந்தது. அங்கே வெட்டெல் சீல்களும் அடிக்கடி மூழ்கி வருகின்றன. இரை தேடித்தான் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனின் உடலுக்கோ அப்போது கூடுதலாகத் தேவைப்படும். மற்ற மீன்களுக்குக் கைகொடுக்க ஹீமோகுளோபின் உண்டு. பனிமீனுக்கு அந்தக் கையிருப்பு இல்லை.